புது டியூப் போட்ட பிறகும் ஃபியூஸ் போனால்

கேட்டிருப்பது இது: 50 வாட் கிடார் ஆம்ப், பின்னால் இரண்டு ஈஎல்34 பவர் டியூப் (ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்). மெயின் சுவிட்சைப் போட்டால் டியூப்கள் ஒழுங்காகச் சூடாகின்றன. ஸ்டாண்ட்பையை (டியூப் சூடாகும்வரை உயர் வோல்டேஜை நிறுத்தி வைக்கும் சுவிட்சை) எடுத்த நாலைந்து நொடியில் ஸ்பீக்கரில் உறுமல் ஏறுகிறது, அப்புறம் மெயின் ஃபியூஸ் போய்விடுகிறது. புது ஃபியூஸ் போட்டதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. பவர் டியூப் இரண்டையும் புதிதாக மாற்றியும் தீரவில்லை. நண்பர் ஒருவர் அடுத்த அளவு ஃபியூஸ் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். "டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: எது பழுது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோமே, இதை எப்படி நிறுத்துவது? இருபது வருடத்துக்கு மேலாக இந்த வகை ஆம்ப்களைப் பழுது பார்த்து வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் நண்பரின் யோசனை. தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஆம்பில் 230 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் போட்டால், 460 வாட் அளவுக்கு மின்சாரம் தொடர்ந்து உள்ளே போனாலும் ஃபியூஸ் கண்டுகொள்ளாது. 50 வாட் ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் அதில் பாதிக்குப் பக்கத்தில்தான் தாங்கும். அதுவுமில்லாமல், எந்த ஃபியூஸும் தன் மதிப்பைத் தாண்டிய கணத்தில் அறுந்துவிடாது. மெதுவாக உருகும் வகை, இரண்டு மடங்கு மின்னோட்டத்தில்கூட ஒரு நிமிடம் வரை நிற்கக்கூடும். அந்த ஒரு நிமிடத்தில் பவர் டியூப்பின் உள்தகடு (பிளேட்) சிவந்து, டியூப்பின் ஸ்கிரீன் முனைக்குப் போகும் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகி, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில் பூசிய எனாமல் வெந்துவிடலாம். இப்போது உங்கள் ஆம்பில் இருப்பது பெரும்பாலும் சின்னப் பழுது. பெரிய ஃபியூஸ் போட்டால் அதையே பெரிய பழுதாக்கிக்கொள்வீர்கள்.

ஃபியூஸைப் பற்றி இன்னும் கொஞ்சம். அதன் உலோக மூடியில் டி என்ற எழுத்து இருந்தால் மெதுவாக உருகும் வகை, எஃப் என்றால் வேகமாக உருகும் வகை. டியூப் ஆம்பின் மெயினுக்கு எப்போதும் டி வகைதான் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மரும் குளிர்ந்த ஹீட்டர்களும் (டியூப்பை உள்ளிருந்து சூடாக்கும் இழைகள்) சேர்ந்து ஒரு கணம் நிறைய இழுக்கும் என்பதால், எஃப் வகை போட்டால் நல்ல ஆம்பிலேயே அது போகும். மதிப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். 120 வோல்ட்டுக்குச் சொன்னதில் ஏறத்தாழ பாதிதான் 230க்கு. பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் காரணமாக இருக்காது. அவை தவறாக இருந்தால் ஃபியூஸ் பொதுவாக மெயின் சுவிட்சைப் போட்டவுடனே போயிருக்கும்.

அறுந்துபோன ஃபியூஸை எறிந்துவிடாதீர்கள். கண்ணாடிக்குள் கறுப்பாகவோ வெள்ளி பூசியதுபோலவோ படிந்திருந்தால், கம்பி வெடித்துச் சிதறியிருக்கிறது. நேரடி ஷார்ட் என்று பொருள். கண்ணாடி சுத்தமாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் தொய்ந்து அறுந்திருந்தால், அளவைவிடக் கொஞ்சம் கூடுதலான மின்னோட்டம் சில நொடிகள் ஓடியிருக்கிறது. உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், ஃபியூஸ் எப்போது போகிறது என்பதை வைத்துத்தான் பழுது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். ஸ்டாண்ட்பையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் உங்கள் ஃபியூஸ் நிற்கிறது. அப்படியானால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின் மின்சாரம் வரும் சுருள்), ஹீட்டர் சுருள், அதன் வயரிங் எல்லாம் வேலை செய்கின்றன. இது உறுதி. உயர் வோல்டேஜ் பக்கத்தைப் பற்றி இதே உறுதியோடு சொல்ல, ஸ்டாண்ட்பை சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சில ஆம்ப்களில் அது டிரான்ஸ்ஃபார்மருக்கும் ரெக்டிஃபயருக்கும் (ஏசியை டிசியாக்கும் பகுதி) நடுவில் இருக்கும். வேறு சிலவற்றில் அந்த டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குப் பின்னால் இருக்கும். பின்னால் இருந்தால் ரெக்டிஃபயர் டயோடுகளும் அந்த முதல் கெபாசிட்டரும்கூடத் தப்பித்தன. சுவிட்சின் இரண்டு வயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த நாலைந்து நொடி. டயோடோ கெபாசிட்டரோ அப்பட்டமாக ஷார்ட் ஆகியிருந்தால் ஸ்டாண்ட்பையை எடுத்த நொடியே 'பட்' என்று போயிருக்கும், உறுமலுக்கு நேரமே இருக்காது. உங்கள் ஆம்பில் முதலில் உறுமல் ஏறுகிறது, அதன் பிறகுதான் போகிறது. அதாவது பவர் டியூப்கள் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுக்கின்றன. இரண்டு பவர் டியூப்களும் எதிரெதிராக வேலை செய்வதால், சப்ளையில் மீதமிருக்கும் ஹம் (உறுமல்) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஒரு டியூப் மட்டும் மிதமிஞ்சி இழுத்தால் அந்தச் சமநிலை கெட்டு ஹம் வெளியே கேட்கும். இரண்டுமே இழுத்தால் சப்ளை சரிந்து ஹம் இன்னும் கூடும். புது டியூப்களும் இதையே செய்கின்றன என்றால், டியூப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. பயாஸைத்தான் சொல்கிறேன்.

இந்த வகை ஆம்பில் பவர் டியூப்பின் கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு எப்போதும் ஒரு நெகடிவ் வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கும். ஈஎல்34 என்றால் சுமார் மைனஸ் 35 முதல் மைனஸ் 45 வோல்ட். அந்த நெகடிவ்தான் பயாஸ், டியூப்பை அடக்கி வைக்கும் கடிவாளம். அது குறைந்தால் டியூப் சிவக்கும். முழுக்கப் போய்விட்டால் சில நொடிகளில் ஃபியூஸ் போகும். இதைத் தயாரிக்கும் சுற்று மிகச் சின்னது: ஒரு டயோடு, ஓரிரண்டு சின்ன கெபாசிட்டர், ஒரு பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), சில ரெசிஸ்டர். முழு ஆம்பும் இந்த நாலைந்து மலிவான பாகங்களை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் பழுது தேடும்போது முதலில் அங்கே பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். ஆம்பின் பின்பக்கத்திலோ உள்ளேயோ இரண்டாவது ஃபியூஸ் ஹோல்டர் இருக்கிறதா? பல ஆம்ப்களில் உயர் வோல்டேஜுக்கென்று தனி ஃபியூஸ் உண்டு. இருந்தால், இந்த மாதிரிப் பழுதில் அதுதான் முதலில் போயிருக்க வேண்டும். அது நிற்க, மெயின் ஃபியூஸ் போகிறதென்றால், முன்பு யாரோ அதில் பெரிய மதிப்பைப் போட்டிருக்கலாம் அல்லது அலுமினியத் தாளைச் சுற்றியிருக்கலாம். இரண்டையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி ஆம்பைத் திறக்கும் விஷயம். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொல்லக்கூடிய மின்சாரம் இருக்கும். 50 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 450 வோல்ட் நின்றால் அதில் சுமார் 5 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கிறது. அது கை வழியாக மார்புக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அணைத்தால், டியூப்கள் வழியாக வடிய வழியில்லாமல் சில ஆம்ப்களில் அது நெடுநேரம் தங்கும். பிளக்கை எடுங்கள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் உறை போட்ட கிளிப் வயர் வைத்து, ஒரு முனையை முதலில் சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டத்தில்) மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிடிவிலும் சில நொடி வையுங்கள். பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் வடித்த கெபாசிட்டரில் தானாகவே கொஞ்சம் வோல்டேஜ் திரும்பி வரும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க வடிப்பது கெபாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் உள்ளே கொண்டுபோகவே கூடாது. கறுப்பு முனையைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரே கையால் அளவெடுங்கள். 450 வோல்ட்டில் வேலை செய்து பழக்கமில்லை, தயக்கமாக இருக்கிறது என்றால், இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

தொடர்வதாக இருந்தால் முதலில் ஒரு சீரிஸ் பல்பு செய்துகொள்ளுங்கள். ஆம்புக்குப் போகும் லைவ் கம்பியின் நடுவில் ஒரு குண்டு பல்பை வரிசையாக மாட்டுவதுதான் அது. உள்ளே இழை இருக்கும் பழைய வகை பல்புதான் வேண்டும், எல்இடி இதற்கு உதவாது. 50 வாட் ஆம்புக்கு 100 வாட் பல்பு சரியாக இருக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். ஃபியூஸும் போகாது, டிரான்ஸ்ஃபார்மரும் சாகாது. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள்: ஒரு ஈஎல்34இன் ஹீட்டர் மட்டும் 1.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து சுமார் 19 வாட். முன்பக்கத்தின் 12ஏஎக்ஸ்7 டியூப்கள் தலா 0.3 ஆம்பியர். அதனால் டியூப்களோடு போட்டால் நல்ல ஆம்பிலும் பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, மங்கலாகவே நிற்கும். அது பழுதல்ல. ஸ்டாண்ட்பையை எடுத்த பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

இப்போது பவர் டியூப் இரண்டையும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை மாட்டியபடியே, சீரிஸ் பல்போடு போடுங்கள். ஸ்டாண்ட்பையையும் எடுங்கள். பல்பு மங்கலாகவே இருந்தால் பழுது பவர் டியூப் வழியாகத்தான் வருகிறது என்று உறுதியாகிவிடும். என் ஊகம், உங்கள் ஆம்பில் அப்படித்தான் ஆகும். டியூப் இல்லாமலேயே பல்பு பளிச்சென்று எரிந்தால் நான் மேலே சொன்னது தவறு. ஃபில்டர் கெபாசிட்டர், சாக்கெட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போக வேண்டும். அங்கே பலர் மறக்கும் ஒரு பாகம் உண்டு: சில ஆம்ப்களில் பவர் டியூப்பின் பிளேட்டிலிருந்து சேஸிஸுக்கு 1என்4007 டயோடுகள் சிலவற்றை வரிசையாகக் கோத்துப் போட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் எழும் வோல்டேஜிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுவதற்காக வைப்பது. அவையே ஷார்ட் ஆகிவிட்டால் உயர் வோல்டேஜ் நேராகத் தரைக்குப் போகும். ஒரு முனையைச் சோல்டர் எடுத்துத் தூக்கிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பல்பு மங்கலாகவே நின்றது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இப்போது எடுக்கப்போகும் அளவுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. பவர் டியூப் சாக்கெட்டின் 5ஆவது பின் கிரிட். ஆம்பைத் தலைகீழாக வைத்துப் பார்க்கும்போது, சாக்கெட்டின் காடி இருக்கும் இடத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். பெரும்பாலான ஆம்ப்களில் பயாஸ் ஸ்டாண்ட்பையிலும் வந்துகொண்டிருக்கும், அதனால் முதல் அளவை ஸ்டாண்ட்பையிலேயே எடுக்கலாம். பிளேட்டில் உயர் வோல்டேஜ் இருக்காது, கொஞ்சம் பாதுகாப்பு. இரண்டு சாக்கெட்டிலும் 5ஆவது பின்னில் ஒரே மாதிரியான நெகடிவ் வர வேண்டும். பிறகு ஸ்டாண்ட்பையை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டிலும் நெகடிவே இல்லையென்றால் பயாஸ் சப்ளை போயிருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் கிரிட் ரெசிஸ்டரோ சோல்டரோ அறுந்திருக்கிறது. ஸ்டாண்ட்பையில் இரண்டும் சரியாக இருந்து, எடுத்ததும் ஒரு பக்கம் மட்டும் மைனஸ் 38லிருந்து மைனஸ் 20, 15 என்று சரிந்தால், அந்தப் பக்கத்தின் கப்ளிங் கெபாசிட்டர் (முந்தைய டியூப்பிலிருந்து சிக்னலை மட்டும் விட்டு, டிசியைத் தடுப்பது) கசிகிறது. அதன் மறுபக்கத்தில் முந்தைய டியூப்பின் பிளேட் வோல்டேஜ், இருநூறு வோல்ட் போல நிற்கும். ஸ்டாண்ட்பையில் அது இல்லாததால் கசிவு தெரியாது, எடுத்தவுடன் தெரியும். உறுதிசெய்துகொள்ள, மின்சாரத்தை எடுத்து, வடித்து, அந்த கெபாசிட்டரின் கிரிட் பக்கக் காலை மட்டும் தூக்கிவிட்டு, மறுபடி போட்டு, தூக்கிய காலில் டிசி அளந்து பாருங்கள். நல்லதென்றால் ஏறத்தாழ பூஜ்யம். ஒரு வோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் நான் மாற்றிவிடுவேன். 630 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

உங்கள் ஆம்ப் நடுவில் இரண்டு நாள் நன்றாக ஓடியதை மறந்துவிடக் கூடாது. விட்டு விட்டு வரும் பழுது என்றால் என் மனம் முதலில் போவது சோல்டருக்கும் பிரீசெட்டுக்கும்தான். சில வருடங்களுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த ஆம்பில் இதே அறிகுறி. அதற்குள் மூன்று ஜோடி பவர் டியூப் மாற்றியிருந்தார். என் மேசையில் 5ஆவது பின்னில் மைனஸ் 40 வோல்ட் அழகாக நின்றது, ஒரு மணி நேரம் குறையே இல்லை. மீட்டரை அப்படியே மாட்டி வைத்துவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொண்டு போனேன். பயாஸ் பிரீசெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரைத் தொட்டதும் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுந்தது. போர்டுக்கு அடியில் அதன் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். சூட்டில் விரியும்போது திறந்துகொள்ளும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சோல்டரை உருக்கி மறுபடி வைத்தேன், அவ்வளவுதான். மூன்று ஜோடி டியூப்பும் குற்றமற்றவை. அன்றிலிருந்து பயாஸ் பகுதியின் எல்லா சோல்டரையும், நன்றாகத் தெரிந்தாலும், ஒருமுறை உருக்கிப் புதுப்பித்துவிடுவது என் வழக்கம்.

பிரீசெட்டின் நகரும் முனை தேய்ந்தாலும் இதே நடக்கும். நல்ல வடிவமைப்பில் அந்த முனை விட்டுப்போனால் நெகடிவ் கூடும், டியூப் அடங்கும். எல்லாரும் அப்படி வடிவமைப்பதில்லை. பயாஸ் கெபாசிட்டர் பதினைந்து இருபது வருடப் பழையது என்றால் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். அதைப் போடும்போது கவனம்: அங்கே வோல்டேஜ் நெகடிவ் என்பதால் கெபாசிட்டரின் பாசிடிவ் கால்தான் சேஸிஸுக்குப் போகும். பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டு மறுபடி பழுதான ஆம்ப்களைப் பார்த்திருக்கிறேன்.

திறந்திருக்கும்போதே சாக்கெட்டுகளையும் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். 3ஆவது பின் பிளேட், 2ஆவது பின் ஹீட்டர், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். வாசிக்கும்போது பிளேட்டில் எழும் வோல்டேஜ் சப்ளையைப் போல இரண்டு மடங்குக்கும் போகும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் பொறி பாய்ந்து, கறுப்பாக ஒரு கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒருமுறை கோடு விழுந்தால் அது தானாகச் சரியாகாது. சுரண்டிச் சுத்தம் செய்வதை நான் நம்புவதில்லை, சாக்கெட்டையே மாற்றிவிடுவேன். 4ஆவது பின்னுக்குப் போகும் ஸ்கிரீன் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். வழக்கமாக 470 ஓம் அல்லது 1 கிலோஓம் இருக்கும். நிறம் மாறியோ மதிப்பு ஏறியோ இருந்தால் அந்த சாக்கெட்டில் இருந்த டியூப் ஒருமுறை ஷார்ட் ஆகியிருக்கிறது. ஹீட்டர் வயரிலிருந்து சேஸிஸுக்கு இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அவற்றையும் பாருங்கள். பிளேட்டுக்கும் ஹீட்டருக்கும் இடையில் பொறி பாய்ந்த ஆம்பில் அவை கருகியிருக்கும்.

டியூப்களைப் பற்றி: பயாஸ் சரியான பிறகு, ஒரு டியூப் மட்டும் சிவந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு டியூப்போடு போனால் டியூப் பழுது, சாக்கெட்டிலேயே தங்கினால் ஆம்ப் பழுது. கண்ணாடி ஓரத்தில் தெரியும் நீல ஒளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல டியூப்பிலும் அது வரும். உள்தகடுகளின் நடுவே ஊதா நிறத்தில் மூடுபனி போல நின்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அதை எறியலாம். நீங்கள் கழற்றிய பழைய ஜோடியை எறியாமல் வைத்திருந்தால் நல்லது, அவை நன்றாகவே இருக்கக்கூடும். புது ஜோடியைப் போட்டபோது பயாஸை மறுபடி அமைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஈஎல்34 தாங்கும் பிளேட் வெப்பம் 25 வாட். அதில் 70 சதவீதம் என்றால் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு டியூப்புக்கு சுமார் 39 மில்லிஆம்பியர். இது மேல் எல்லை, 32 அல்லது 35லேயே நிறுத்தினாலும் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். இதை அமைக்கும்போது சீரிஸ் பல்பை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது எல்லா வோல்டேஜையும் இறக்கிவிடும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது அவ்வளவு எளிதில் போகாது. ஆனால் எப்போதாவது ஸ்பீக்கர் மாட்டாமல் வாசித்திருந்தால் சந்தேகப்படலாம். நடு முனையிலிருந்து இரண்டு பிளேட்டுக்கும் தனித்தனியாக ஓம் அளந்து பாருங்கள். சில பத்து ஓம் இருக்கும், இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்காது. உள்சுற்று வெளிச்சுற்று வித்தியாசம் அது. எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு அளந்தால் சேஸிஸுக்கு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. ஆனால் மீட்டரின் ஓம் அளவை வைத்து மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான சுற்றில் பத்துச் சுற்று தங்களுக்குள் ஒட்டிக்கொண்டால் ஓம் மாறியது தெரியவே தெரியாது. அதற்கு வேறு சோதனை உண்டு. ஆம்பைப் பிளக்கிலிருந்து எடுத்து, வடித்து, டியூப்களையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, தனியான ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் 6.3 வோல்ட் ஏசியை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டு பிளேட் முனைகளுக்கும் கொடுங்கள். பிரைமரி 3.4 கிலோஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம் என்றால் சுற்று விகிதம் சுமார் 20க்கு 1. 8 ஓம் முனையில் 0.3 வோல்ட் போல வர வேண்டும். அந்த 100 ஓமிலேயே வோல்டேஜ் பெரும்பகுதி விழுந்துவிட்டால் உள்ளே சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. இந்தச் சோதனையும் முழுச் சான்று ஆகாது: 400 வோல்ட்டில் மட்டும் பொறி பாயும் இன்சுலேஷன் பழுது 6 வோல்ட்டில் வெளிப்படாது.

எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஃபியூஸ் கூடாது, பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியும் ஹீட்டர் பக்கமும் நன்றாக இருக்கின்றன: இவை உறுதி. நேரடி ஷார்ட் இல்லை, பயாஸ் விட்டு விட்டுப் போகிறது என்பது வலுவான ஊகம். அது சோல்டரா, பிரீசெட்டா, கசியும் கெபாசிட்டரா என்பதை ஆம்பைத் தொடாமல் இங்கிருந்து சொன்னால் அது வெறும் ஜோசியம். உங்கள் ஆம்பில் தனி பயாஸ் சப்ளை இல்லாமல், டியூப்பின் கேத்தோடு முனையில் (8ஆவது பின்) வைத்த ரெசிஸ்டரால் அடக்கும் வகைச் சுற்று இருந்தால் 5ஆவது பின்னில் நெகடிவ் வராது, ஏறத்தாழ பூஜ்யம்தான் வரும். அப்போது 8ஆவது பின்னிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ரெசிஸ்டரையும் அதன் குறுக்கே உள்ள கெபாசிட்டரையும் பார்க்க வேண்டும். இரண்டு ஈஎல்34 உள்ள 50 வாட் ஆம்பில் அப்படி இருப்பது அபூர்வம்.

அடுத்த ஃபியூஸைப் போடுவதற்கு முன் சீரிஸ் பல்பைச் செய்யுங்கள். பவர் டியூப் இல்லாமல் பல்பு எப்படி எரிந்தது, இரண்டு சாக்கெட்டின் 5ஆவது பின்னிலும் ஸ்டாண்ட்பையில் எவ்வளவு, ஸ்டாண்ட்பையை எடுத்ததும் எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த நான்கு எண்களும் பல்பின் கதையும் வந்தால் எந்தப் பாகத்தைத் தொட வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.